ஒரே டிவிடி, இரண்டு டிரைவ்

(சபையின் ஆண்டுவிழா மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பேசச் சொல்லி ஆயர் ஐயா கேட்டபோது, சர்க்கரை நோயைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவேன் என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பீர்கள். நர்ஸ் வேறு எதைப் பேசுவாள்? ஆனால் நான் பேசப் போவது உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில், கல்யாண ஆல்பத்துக்கு அடியில் கிடக்கிற சிடி, டிவிடிகளைப் பற்றி. அவற்றை இந்த வருஷமே காப்பி எடுத்துவிட வேண்டும். எப்படி எடுப்பது என்பதை நான் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டேன். நீங்களும் அப்படித் தடுமாற வேண்டாம்.

என்னை அறியாத இளையவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் இந்தச் சபையில் வளர்ந்தவள். சித்தப்பா இங்கிலாந்தில் இருந்ததால் நர்சிங் படிப்பை அங்கே படித்தேன். 2004இல் சவுதி அரேபியாவில் ஜெத்தாவுக்கு வேலைக்குப் போனேன். அங்கே பலத் என்கிற பழைய நகரத்துக்குச் சற்று வடக்கே ஷரஃபியா என்று ஓர் இடம். நம் ஆட்கள் அதிகம் புழங்குகிற பகுதி. மலையாளிகள்தான் முதலில், பிறகு நாம். புட்டும் கிடைக்கும், முருங்கைக்காயும் கிடைக்கும். ஊருக்குப் போகிறவர் யார், வருகிறவர் யார் என்ற செய்தியும் கிடைக்கும். என் வாடகை வீடு அங்கேதான்.

இன்றைக்குப் பேரப்பிள்ளை பல் முளைப்பதைக் கூட வீடியோ காலில் பார்க்கிறோம். நான் போன புதிதில் அது கிடையாது. எனக்கு முன்னே போனவர்கள் கேசட்டில் பேசி அனுப்பினார்கள். என் காலத்தில் அது விசிடியாகவும் டிவிடியாகவும் மாறியிருந்தது. லீவு முடிந்து வருகிற ஒவ்வொருவர் பெட்டியிலும் ஊறுகாய்க்கும் முறுக்குக்கும் நடுவே நாலைந்து டிவிடி இருக்கும். தங்கையின் கல்யாணம், பிள்ளையின் ஞானஸ்நானம், அசனப் பண்டிகை, கேரல் ரவுண்ட்ஸ், சாவு. நாம் இல்லாமல் நடந்த எல்லாமே அதில்தான் நமக்கு வந்து சேரும்.

என் அப்பா 2009இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். உங்களில் பலர் அடக்க ஆராதனையில் இருந்தீர்கள். நான் இல்லை. அப்போது நான் வேலை செய்த இடத்தில் பாஸ்போர்ட் அவர்கள் கையில் இருந்தது. ஊருக்குப் போய்த் திரும்புகிற விசாவுக்கு அவர்கள் கையெழுத்து வேண்டும். அது வந்தபோது அப்பாவை அடக்கம் செய்து நாலு நாள் ஆகியிருந்தது. பிறகு ஒரு அண்ணன் லீவு முடிந்து வரும்போது அந்த டிவிடியைக் கொண்டுவந்து கொடுத்தார். அன்று இரவே போட்டேன். வீட்டிலிருந்து பெட்டியைத் தூக்கும் இடம் வரைக்கும் பார்த்தேன். அதற்கு மேல் முடியாமல் நிறுத்திவிட்டேன். பிறகு பார்க்கலாம், மனசு தேறட்டும் என்று அலமாரியில் வைத்தேன்.

மனசு தேற 12 வருஷம் ஆயிற்று. 2021இல் எடுத்துப் போட்டால் பிளேயர் ஐந்தாறு தடவை சுற்றிவிட்டு, டிஸ்க் இல்லை என்று காட்டியது. எடுத்துக் கொடுத்த ஸ்டூடியோக்காரரோ கடையை மூடி வருஷக்கணக்கு ஆகியிருந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், டிவிடி என்பது அழியாத பொருள் என்று நாம் எல்லாரும் நினைத்திருந்தோம். 1982இல் சிடி கடைக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான் சொல்லி வந்தார்கள். கடையில் வாங்குகிற பாட்டு சிடி வேறு, ஸ்டூடியோவில் பதிந்து கொடுக்கிற சிடி வேறு என்பது பலருக்குத் தெரியாது. பாட்டு சிடியில் சின்னச் சின்னக் குழிகளை அச்சில் அழுத்தி, மேலே அலுமினியம் பூசியிருப்பார்கள். நம் கல்யாண டிவிடியில் குழியே கிடையாது. ஒரு சாயப் பூச்சு இருக்கிறது. லேசர் அந்தச் சாயத்தை அங்கங்கே சுட்டு அடையாளம் வைக்கிறது. சாயம் என்றால் நம் சேலைச் சாயம் மாதிரிதான். வெயில் பட்டால் வெளுக்கும், சூடும் ஈரமும் சேர்ந்தால் கெடும். ஜெத்தா செங்கடல் ஓரம். அங்கே இரண்டுக்கும் குறைவில்லை.

இன்னொன்று. சிடியைக் கீழ்ப்பக்கம் கீறல் விழாமல் பத்திரமாகப் பிடிப்போம், மேல்பக்கத்தைக் கண்டுகொள்ள மாட்டோம். உண்மையில் சிடியில் பதிவு இருப்பது மேல்பக்கத்தில், பெயர் எழுதுகிற இடத்துக்கு நேர் அடியில். பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் பதிவின் மேலேயே உழுத மாதிரி. டிவிடியில் அது இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவில் இருப்பதால் கொஞ்சம் தப்பிக்கும். ஆனால் ஒட்டின இடம் ஓரத்தில் பிரிந்தால் போயிற்று. ஸ்டிக்கர் ஒட்டுவதும் வேண்டாம், உரிப்பதும் வேண்டாம். எழுதியே ஆக வேண்டுமானால் நடு ஓட்டையைச் சுற்றி ஒன்றுமில்லாத வளையம் இருக்கிறதே, அங்கே எழுதுங்கள். நான் எண் மட்டும் எழுதுவேன். விவரமெல்லாம் நோட்டில்.

அப்பா டிவிடியைத் தூக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். அங்கிருந்த தம்பி ஒரு டிரைவில் போட்டுப் பார்த்து, இது செத்துப்போச்சு சிஸ்டர் என்றான். எனக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. ஒரே ஒரு தடவை நாடி பார்த்துவிட்டு எந்த வார்டிலும் அப்படிச் சொல்ல மாட்டோம். பக்கத்தில் இன்னொரு கம்பெனி டிரைவ் இருந்தது. அதில் போடச் சொன்னேன். இரண்டு நிமிஷம் சுற்றிவிட்டு, உள்ளே இருக்கிற கோப்புகளின் பெயர்களைக் காட்டியது. படம் ஓடவில்லை. ஆனாலும் பெயர்கள் வந்தன. ஒரு டிரைவ் வாசிக்காததை இன்னொரு டிரைவ் வாசிக்கும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். லேசரின் பலம், லென்ஸ் அசையும் விதம், பிழை திருத்துகிற சில்லு எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. இது மட்டும் உங்கள் நினைவில் நின்றால் போதும், மீதியை மறந்தாலும் பரவாயில்லை.

பழைய மேஜைக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி, அதில் வெவ்வேறு கம்பெனியின் முழு அளவு டிவிடி டிரைவ் இரண்டு பூட்டச் சொன்னேன். இப்போது கடைகளில் கிடைப்பது யூஎஸ்பியில் செருகுகிற மெல்லிய டிரைவ்தான். அதுவும் ஒன்று வைத்திருக்கிறேன், ஊருக்குக் கொண்டுவர வசதி. ஆனால் அதற்கு மின்சாரம் போதாமல் போகிற தொல்லை உண்டு. பல செருகி உள்ள ஹப்பில் மாட்டினால் சுற்ற ஆரம்பித்து நின்றுவிடும். நாம் டிவிடி கெட்டுவிட்டது என்று நினைப்போம். நேராகக் கம்ப்யூட்டரிலேயே செருகுங்கள். இரட்டைத் தலை ஒயர் கொடுத்திருந்தால் இரண்டையும் செருகுங்கள்.

காப்பி எடுக்க இரண்டு மென்பொருள். இரண்டும் இலவசம். நல்ல நிலையில் உள்ள டிவிடிக்கு இம்க்பர்ன். கோப்புகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போடாமல், டிவிடி முழுவதையும் ஒரே கோப்பாக, அச்சு அசலாக எடுத்து வைக்கும். அதற்கு ஐஎஸ்ஓ இமேஜ் என்று பெயர். கெட்டுப்போன டிவிடிக்கு டிடிரெஸ்க்யூ. அது லினக்ஸில் ஓடும். அக்கா மகன் போனில் பேசிப் பேசியே எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தான். சாதாரணமாகக் காப்பி எடுக்கும்போது ஓர் இடம் வாசிக்க முடியாவிட்டால் கம்ப்யூட்டர் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும், பிறகு எல்லாவற்றையும் கைவிடும். டிடிரெஸ்க்யூ அப்படிச் செய்யாது. கஷ்டமான இடத்தைத் தாண்டிப் போய், சுலபமான இடங்களை எல்லாம் முதலில் எடுத்துக்கொள்ளும். பிறகு திரும்பி வந்து விட்ட இடங்களை மறுபடி மறுபடி முயலும். எங்கள் அவசரப் பிரிவு முறைக்கு நேர் எதிர்! அங்கே மோசமானவர்தான் முதலில். ஆனால் டிவிடிக்கு இதுதான் சரி, சுற்றச் சுற்ற அது இன்னும் மோசமாகலாம்.

அது இன்னொன்றும் செய்யும். எந்த இடம் கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று ஒரு கணக்குக் கோப்பு எழுதி வைக்கும். டிவிடியை இரண்டாவது டிரைவில் போட்டு அதே கணக்கைக் கொடுத்தால், விட்டுப்போன இடங்களை மட்டும் தேடும். கிடைத்ததைத் தொடாது.

என் சாப்பாட்டு மேஜையில் இது ஓடுவது தெரிந்ததும் ஷரஃபியாவில் ஒருவர் சொல்லி ஒருவர் வர ஆரம்பித்தார்கள். வெள்ளிக்கிழமை காலைகளில் மட்டும் செய்தேன். நல்ல டிவிடி ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம். இரண்டு டிரைவும் ஓடினால் ஒரு காலையில் பதினைந்து முடியும். கெட்டதானால் ஒன்றே ராத்திரி முழுவதும் ஓடும். மூன்று வருஷத்தில் 217 எடுத்தேன். சினிமா டிவிடி கொண்டுவந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். அது நம்முடையது அல்ல, அதைக் காப்பாற்ற வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

முதலில் துடைப்பேன். ஒட்டுகிற அழுக்கு இல்லையென்றால் மெல்லிய பருத்தித் துணி போதும். நடுவிலிருந்து நேராக ஓரத்துக்குத் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கக் கூடாது. வட்டமாக விழுகிற கீறல் பதிவின் போக்கிலேயே நீளமாக ஓடும், டிரைவால் சமாளிக்க முடியாது. கைரேகைப் பிசுக்கு இருந்தால் ஊசி போடுமுன் தடவுகிறோமே, அந்த ஐசோபுரோபைல் ஆல்கஹால், கீழ்ப்பக்கத்தில் மட்டும். மேல்பக்க மையைக் கரைத்துவிடும். பற்பசை தேய்த்தால் கீறல் போகும் என்று யாரோ சொல்லி ஒரு மைனி தேய்த்துக் கொண்டுவந்தார்கள். வேண்டாம். விரிசல் விட்ட சிடியை டிரைவில் போடவே கூடாது. வேகமான டிரைவ் சிடியை நிமிஷத்துக்குப் 10,000 சுற்று வரைக்கும் சுற்றும். உள்ளேயே வெடித்துச் சிதறும்.

விசிடி என்னைப் பல நாள் அழ வைத்தது. நம் சபையின் பழைய கேரல் ரவுண்ட்ஸ் ஒன்று விசிடியில் இருந்தது. நல்லாயிருக்கிற விசிடி, ஆனால் இமேஜ் எடுத்தால் பிழை, பிழை என்றே வந்தது. விஷயம் என்னவென்றால் விசிடியின் படப்பகுதி சாதாரண டேட்டா சிடி மாதிரி எழுதப்படுவதில்லை. கொஞ்சம் கூடுதல் படத்தைத் திணிப்பதற்காகப் பிழை திருத்தும் பகுதியில் ஒன்றை விட்டுவிட்டார்கள். அதனால் ஐஎஸ்ஓ ஆக எடுக்க முடியாது. பின், கியூ என்று இரட்டைக் கோப்பாக எடுக்க வேண்டும். இம்க்பர்னே அப்படி எடுக்கும், நாம் குறுக்கே போகாமல் விட்டால்.

கேமராவில் நேரடியாகப் பதிந்த சின்ன எட்டு சென்டிமீட்டர் டிவிடி சிலரிடம் இருக்கும். அதைத் தட்டு வெளியே வருகிற டிரைவில், உள்பள்ளத்தில் வைக்க வேண்டும். வாயில் உறிஞ்சிக்கொள்கிற மாதிரி டிரைவில் போட்டால் திரும்பி வராது. அதில் பதிந்தவர் கடைசியில் ஃபைனலைஸ் என்கிற பொத்தானை அமுக்காமல் விட்டிருந்தால், எந்தப் பிளேயரிலும் காலி என்றே காட்டும். காலி என்று தூக்கி எறியாதீர்கள். கீழ்ப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பதிந்த பகுதி வேறு நிறமாக ஒரு வளையமாகத் தெரியும். தெரிந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் கொடுக்கிற ஸ்கேன் சிடியும் வந்தது. ஜெத்தாவில் எம்ஆர்ஐ எடுத்து, சிடியோடு ஊருக்கு வருகிறார்கள். இங்கே டாக்டர் லேப்டாப்பில் டிரைவ் கிடையாது. படத்தைப் போனில் போட்டோ பிடித்துக் காட்டுகிறார்கள், அது போதாது. அந்த சிடியை முழுவதுமாக ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்து வையுங்கள். ஒரு கோப்பையும் விடாதீர்கள். அதில் உள்ள டைகாம் கோப்புகள்தான் டாக்டருக்கு வேண்டியது. இதை நான் செய்யும்போது உரியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்வேன், என் கம்ப்யூட்டரில் எதையும் மிச்சம் வைக்க மாட்டேன்.

இரத்தம் ஏற்றுமுன் இரண்டு நர்சுகள் பையையும் பேரையும் எண்ணையும் தனித்தனியே வாசித்துப் பார்ப்போம். காப்பிக்கும் அப்படித்தான். ஒவ்வொரு இமேஜுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் கணக்கிடலாம், கம்ப்யூட்டரே செய்யும். காப்பியை இன்னொரு ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றினதும் அதற்கும் கணக்கிட வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் காப்பி சரியில்லை. பிறகு நோட்டில் எழுத வேண்டும். எழுதாததைச் செய்ததாகச் சொல்லாதே என்று எனக்குப் பாடம் சொன்ன ஆங்கிலேய அம்மாள் அடிக்கடி சொல்வார்கள்.

எங்கள் கட்டடத்தில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார். 14 டிவிடி கொண்டுவந்தார். எல்லாவற்றுக்கும் மூன்று காப்பி கேட்டார், அதில் ஒன்று ஜெத்தாவிலேயே இருக்கக் கூடாது என்றார். ஏன் அக்கா இவ்வளவு என்றேன். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 புத்தகமும் சுவடியும் எரிந்ததைச் சொன்னார். ஒரே பிரதியாக இருந்தவை அதோடு போயின. 2005இலிருந்து நூலகம் என்கிற இணையத் தளத்தில் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் வருடி ஏற்றி வருகிறார்களே, அது அந்தப் பயத்திலிருந்து வந்ததுதான் என்றார். மூன்று காப்பி, இரண்டு வகைப் பொருளில், ஒன்று வேறு ஊரில் என்று கம்ப்யூட்டர்காரர்கள் சொல்கிற விதியை அக்கா வாழ்க்கையிலேயே படித்திருந்தார்.

217இல் ஒன்பதை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதில் ஒன்று ஒரு டிரைவர் அண்ணனுடையது. மகள் கல்யாணத்துக்குப் போக முடியாதவர். அந்த டிவிடியை வண்டியிலேயே, முன்கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார், எப்போதும் கூடவே இருக்கட்டும் என்று. ஜெத்தா வெயிலில் அது லேசாக வளைந்துகூட இருந்தது. மூன்று டிரைவிலும் மூன்று ராத்திரி ஓட்டினேன். பரவாயில்லை சிஸ்டர், நான் நூறு தடவை பார்த்திருக்கேன் என்றார். டிவிடியை மட்டும் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அப்பா டிவிடிக்கு வருகிறேன். டிவிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது. படத்தின் ஆரம்பம் நடு ஓட்டைப் பக்கம், முடிவு வெளி ஓரத்தில். விரல் படுவதும் ஓரத்தில், ஈரம் முதலில் நுழைவதும் ஓரத்தில். ஆகவே என் டிவிடியில் வீட்டு ஜெபமும் ஊர்வலமும் கிடைத்தன. கோவிலுக்குள் பாதி கிடைத்தது. கல்லறைத் தோட்டம் கிடைக்கவில்லை. நான் பார்க்காமல் நிறுத்தின பகுதியேதான். இரண்டாவது டிரைவில் போட்டதும் இன்னும் கொஞ்சம் வந்தது, அதோடு நின்றுவிட்டது.

2022இல் லீவில் வந்தபோது மெல்லிய டிரைவையும் கணக்குக் கோப்பையும் லேப்டாப்பில் கொண்டுவந்தேன். ஸ்டூடியோக்காரர் இரண்டு டிவிடி கொடுத்தார், ஒன்று உனக்கு அனுப்பினோம், ஒன்று இங்கேதான் கிடக்கணும் என்று தம்பி சொல்லியிருந்தான். டிரங்குப் பெட்டியில் அம்மாவின் சேலைக்குள் இருந்தது. அதுவும் பிளேயரில் ஓடவில்லை, நடுப்பகுதியில் பலத்த கீறல். அதனால்தான் அதை யாரும் கணக்கில் வைக்கவில்லை. ஆனால் ஓரம் சுத்தமாக இருந்தது. இரண்டும் ஒரே மூலத்திலிருந்து பதிந்தவையா என்று முதலில் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு கலந்து குழம்பிவிடும். மொத்த அளவு கடைசி எண் வரைக்கும் ஒன்றாக இருந்தது. கோப்புகளின் நேரமும் ஒன்றே. கணக்குக் கோப்பைக் கொடுத்து ஓட்டினேன். என்னுடையதில் இல்லாதது அதில் இருந்தது, அதில் இல்லாதது என்னுடையதில் இருந்தது. விடியற்காலையில் மிச்சம் 64 கிலோபைட் மட்டும். படத்தில் அது ஒரு கண் சிமிட்டல்.

தம்பியும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். கல்லறையில் எல்லாரும் மண் போடுகிறார்கள். தம்பி ஒரு பிடி போட்டான். நகர்ந்து போகாமல் மறுபடியும் குனிந்து இன்னொரு பிடி எடுத்துப் போட்டான். பின்னால் நின்ற அத்தை அவன் தோளைத் தொட்டது வரைக்கும் தெரிகிறது. பதின்மூன்று வருஷமாக அவன் அதை என்னிடம் சொன்னதில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டான்.

ஆகவே, ஓடாத டிவிடியைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரே கல்யாணத்துக்கு மூன்று வீட்டில் மூன்று டிவிடி இருந்தால் மூன்றையும் கொண்டுவாருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்திருக்கிறோமே என்று சொல்லாதீர்கள், அது படத்தைச் சுருக்கிச் சாரத்தை எடுத்துவிடும். காலமும் அதிகம் இல்லை. 2025 பிப்ரவரியோடு சோனி பதிவு செய்யும் புளூ-ரே டிஸ்க் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. புது லேப்டாப்பில் டிரைவ் வருவதும் கிட்டத்தட்ட நின்றுபோயிற்று. டிஸ்க் பிழைத்திருந்தாலும் வாசிக்கக் கருவி இருக்காது.

முழு அளவு டிரைவ் இரண்டையும் பெட்டியில் கொண்டுவந்திருக்கிறேன். சபை அலுவலகக் கம்ப்யூட்டரில் பூட்டியாயிற்று, வாலிபர் ஐக்கியத்தில் மூன்று பேருக்குச் சொல்லிக் கொடுத்தும் ஆயிற்று. அலுவலக பீரோவில் கன்வென்ஷன், பிரதிஷ்டைப் பண்டிகை டிவிடிகள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கின்றன. முதலில் அவற்றை எடுக்கிறோம். உங்களுடையதை ஞாயிறு ஆராதனை முடிந்து கொண்டுவந்து கொடுங்கள். உறையில் வீட்டுப் பேரும், உள்ளே என்ன என்பதும், வேறு யாரிடம் இன்னொன்று இருக்கும் என்பதும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வையுங்கள். டிவிடி மேல் எழுத வேண்டாம்.